சொக்கப்பனையில் எரிந்த பூதம்

அனுமந்தன்பட்டியைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் திராட்சைக்கு அடிக்கிற மருந்து வாடை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் சாத்தவில்லை. ஊருக்கெல்லாம் அது மருந்து வாடை. எனக்கு அது நம் பூதத்தின் வாடை.

உன் நாவலில் பூதம் என்பதே கண்ணுக்குத் தெரியாத காற்றுதான். ஆனியில் மலை இடுக்கு வழியாக வரும். கொடியில் காய்கிற வேட்டி, சேலை, பாவாடை எல்லாவற்றையும் திருடி ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொள்ளும். துணி உடுத்தினால்தான் தன்னை நாலு பேர் பார்ப்பார்கள் என்று அதற்கு ஓர் ஏக்கம். பார்த்தவர்களோ துணியைப் பறிகொடுத்த கோபத்தில் விளக்குமாற்றோடு விரட்டுவார்கள். சிநேகிதிகள் நாம் இருவருமே காசு போட்டுத் தேனியில் அச்சடித்த அந்த நூறு பக்கத்தைப் படித்துவிட்டு, நான் வாழ்த்தும் மரண அறிவிப்பும் வாசித்துக்கொண்டிருந்த கம்பத்துக் கேபிள் சேனலில் குழந்தைகள் தொடராக எடுக்கலாம் என்று முதலாளி அண்ணனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

எடுக்கத் தொடங்கும்போது ஐப்பசி. காற்றுக்கு எங்கே போவது? உன் மாமா தோட்டத்து பவர் ஸ்ப்ரேயரைக் கழுவிக் கொண்டுவந்து வெறுங்காற்றை அடித்தோம். எவ்வளவு கழுவியும் மருந்து வாடை போகவில்லை. பூத வேடம் கட்டியவர் காட்சிக்குக் காட்சி தும்மினார். நீ அசரவில்லை. தும்முகிற பூதம் என்று அதையும் கதையில் சேர்த்துவிட்டாய். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மறுநாளே தும்மித் தும்மி விளையாடினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்னிடம் கேட்டாய். "முடிவ மட்டும் தொட்டுறாதடி. பிள்ளைககிட்ட சொல்லிட்டேன்." நீ சத்துணவு அமைப்பாளர். சோற்றுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில் கதை சொல்வாய். பூதம் எல்லாத் துணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போய்விடும் என்பது உன் முடிவு. "அங்கன எந்நேரமும் மழ. துணியே காயாது. காத்துக்கு அங்கனதான் வேல கெடைக்கும்" என்பாய். உன் மகள் நித்யா, அப்போது எட்டு வயது, அதைக் கேட்கும்போதெல்லாம் கைதட்டுவாள்.

தொட மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்தேன். அதே வாரம் மதுரையில் ஒரு சேனலில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நான் எடுத்ததில் ஒரு டேப் அனுப்பச் சொன்னார்கள். ஒரு பூதம் தனியாக மலையேறிப் போவதைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. திருக்கார்த்திகை வந்தது. கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்தப் பனைமரத்தை நட்டு ஓலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, பூதத்தச் சொக்கப்பனையில வச்சு எரிச்சிருவோம். நெருப்பும் கூட்டமும் சும்மா கெடைக்கும்ல?" என்றேன்.

"எழுதின பிள்ள ஒத்துக்கிருமா?" என்றார் அண்ணன்.

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று அன்று நீ வரவில்லை. வைக்கோல் பொம்மைக்குப் பூதத்தின் துணிகளைச் சுற்றி ஓலையோடு சேர்த்துக் கட்டினோம். தீ பிடித்ததும் ஊரே ஆர்ப்பரித்தது. நானும் கத்தினேன். அவ்வளவு நல்ல காட்சியை நான் அதற்குப் பிறகும் எடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேனலில் வந்தது. திங்கட்கிழமை மதியம் பிள்ளைகள் காலித் தட்டோடு நின்றுகொண்டு, "டீச்சர், பூதத்த ஏன் கொன்னீக? கேரளாவுக்குப் போகும்னு பொய் சொன்னீகளா?" என்று கேட்டிருக்கிறார்கள். நித்யா இரண்டு நாளாக உன்னோடு பேசவில்லை. நீ முகம் வீங்க என்னிடம் வந்து நின்றாய். "யாருடி மாத்துனது?"

"முதலாளிதான்" என்றேன். நினைக்கக்கூட நேரம் எடுக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது.

நீ நேராக அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டாய். "இவளையும் பொய்க்காரி ஆக்கிட்டீகளே" என்று எனக்காகவும் சேர்த்துக் கேட்டாய். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமாத்தா, நாந்தான் சொன்னேன். தப்புதான்" என்றார். நீ போனபின் என்னிடம் மெதுவாக, "நீயே சொல்லிரு ஆத்தா. சீக்கிரம் சொல்லிரு" என்றார். அதற்குமேல் அந்த மனிதர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிள்ளைகளை நீ ஒருவழியாகத் தேற்றினாய். "ஏலே, காத்து எங்கனயாச்சும் எரியுமா? எரிஞ்சது துணிதான். அது அம்மணமா ஓடிருச்சு" என்றாயாம். வரிசையே சிரித்ததாம். நீ மட்டும் அதன்பின் எழுதவில்லை. கேட்டபோதெல்லாம் "நேரமில்லடி" என்றாய். அந்த நெருப்பைப் பார்த்துத்தான் மதுரையில் என்னை எடுத்தார்கள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் கிளம்பும்வரை என் கையை விடாமல் நின்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். பிறகு ஆறு வருடம் இருந்தது. நீ காய்ச்சலில் படுத்து, நான்கே நாளில் போவாய் என்று நான் எண்ணவில்லை. இதை ஒரு சமாதானமாகச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று உன் வீட்டுக்குத்தான் போனேன். நித்யா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா எப்பவும் சொல்லும் சித்தி. அந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் கதைக்காக நின்னீகன்னு. இல்லாட்டி மொத்தத்தையும் கெடுத்திருப்பாகன்னு."

"அப்படியா சொன்னா?" என்றேன்.

"சாகுறதுக்கு மொத நாளுகூடச் சொல்லுச்சு."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.