நாற்பத்தேழாம் பக்கம்

இரண்டாவது லயம், ரெம்பாவ்
3.3.1986

அன்புள்ள தம்பி வீரமுத்துவுக்கு அக்கா நீலாவதி எழுதுவது. இங்கே சுகம். நீயும் வள்ளியம்மாவும் சுகம்தானே? தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய், பொங்கலும் போய்விட்டது. கோலாலம்பூருக்கும் ரெம்பாவுக்கும் நடுவில் கடல் வந்துவிட்டது போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் தோட்டத்தை விற்கிறார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யும் எங்களுக்குப் பாரோயில் வீடு தருவார்களாம், ஆனால் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்குத்தான். நாற்பத்தெட்டு வயதாகியும் என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை. சிரம்பான் ஆபீசில் விசாரித்தேன். சுதந்திரத்துக்கு முன்பே இங்கே இருந்ததற்கு எழுத்து வேண்டுமாம். எழுத்து இருக்கிறது. நம் தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, நாற்பத்தேழாம் பக்கம். நம் இருவரையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். அறுபத்திரண்டில் அதைக் காட்டித்தான் நீ நீல அட்டை வாங்கினாய். அன்றைக்கு அம்மா படுக்கையில் கிடந்ததால் நான் வரவில்லை.

பள்ளியை இடித்தபோது முருகையா வாத்தியார் அதை என்னிடம்தான் ஒப்படைத்தார். "இங்க கெடந்தா கரையான் தின்னுடும்கா, எங்க லைப்ரரியில பத்திரமா இருக்கும்லா" என்று மூன்று வருடத்துக்கு முன் நீ வாங்கிப் போனாய். மே மாதத்துக்குள் எனக்கு வேண்டும்.

அக்கா
நீலாவதி


பல்கலைக்கழக நூலகம், கோலாலம்பூர்
14.3.1986

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பழைய ஏடுகளையெல்லாம் மைக்ரோபிலிமில் ஏற்றுகிறோம். கிழிந்ததை ஒட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

நூலகத்துக்குக் கொடுத்த புத்தகத்தை வெளியே விடமாட்டார்கள். அதனால் பிலிமிலிருந்து நகல் எடுக்கப் போனேன். உங்கள் பக்கம் அதில் இல்லை அக்கா. நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தொன்பதுதான் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தபோதே கரையான் அரித்திருக்க வேண்டும். வேறு காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இந்தத் தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறோம்.

உங்கள் தம்பி
வீரமுத்து


ரெம்பாவ்
25.3.1986

வீரமுத்து,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நேற்று வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி உன் நூலகத்துக்கு வந்தேன். நீ லீவில் இருந்தாய். அங்கிருந்த மலாய்ப் பெண் "மக்சிக், டுடோக் லா" என்று உட்காரச் சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டு, பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பத்தாறாம் பக்கத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பிளேடு வைத்து, அடிக்கோல் வைத்து அறுத்த விளிம்பு. எந்த ஊர்க் கரையானடா அடிக்கோல் பிடிக்கிறது?

பிஸ்கட் டின்னில் வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். வருடா வருடம் வெயில் காட்டினேன். ஒரு எழுத்துப் போகவில்லை. உன் கைக்குப் போன பிறகுதான் போயிற்று.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் பெயர், உன் பெயர். தாய் மயிலம்மாள், பால்மரத் தொழில். தகப்பன் என்ற இடத்தில் "தெரியாது". உன் மாமனாரிடம், நம் அப்பா தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து செத்துப்போனார் என்றாய். வாய் மூடி இருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் இல்லாத கிராணிக்குப் பெயர் வைத்தாய், அதற்கும் வாய் மூடி இருந்தேன். இப்போது எனக்கிருந்த ஒரே சாட்சியை அறுத்துவிட்டாய். ஊரான் வீட்டுக் காகிதத்தையெல்லாம் ஒட்டிக் காப்பாற்றுகிறாய், கூடப் பிறந்தவளை வெட்டினாய்.

நீலாவதி


கோலாலம்பூர்
5.4.1986

அக்கா,

நான்தான். மாமனார் தோட்டப் பள்ளிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். நம் பதிவேட்டைப் பார்க்க வருகிறேன் என்று போன வருடம் சொன்னார். அவர் வருவதற்கு முதல் நாள் வெட்டிவிட்டேன். உங்களுக்கு அது வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. சத்தியமாக அக்கா.

எறியவில்லை. காகிதத்தை எறிய என் கைக்கு வராது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இதைக் காட்டி வேலையை முடித்துக்கொள்ளுங்கள். என் மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வள்ளியம்மாவுக்கும் தெரிய வேண்டாம்.

வீரமுத்து


ரெம்பாவ்
17.4.1986

வீரமுத்து,

தாளைக் காட்டினேன். ஆபீசர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பள்ளி முத்திரை எங்கே? புத்தகம் எங்கே?" என்று கேட்டார். முத்திரை முதல் பக்கத்தில் அல்லவா இருக்கிறது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

தாளைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். வெட்டிய இடத்திலேயே உன் கையால் ஒட்டு. உன் மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல். மே இருபதாம் தேதி அந்தப் புத்தகம் சிரம்பான் ஆபீசுக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் உன் மாமனார் வீட்டுக்குப் போவேன். உனக்கு வேலை போனால் தோட்டத்துக்கே வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். அதையும்தான் விற்றுவிட்டார்களே.

நீலாவதி


ரெம்பாவ்
22.5.1986

தம்பிக்கு,

புத்தகம் வந்தது. உன் மேலதிகாரி கொடுத்த கடிதத்தோடு மணியம் என்பவர் கொண்டுவந்தார். நீ வரவில்லை. உன்னைக் காகிதம் ஒட்டும் வேலையிலிருந்து எடுத்து, புத்தகம் அடுக்கப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

என் மனுவை எடுத்துக்கொண்டார்கள். பாரோய் வீட்டுப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தாயிற்று. நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய். அம்மா பெயர்மேல் ஒரு சொட்டுப் பசை படவில்லை. கோபம் தீரவில்லை, ஆனாலும் அதைச் சொல்ல வேண்டும்.

வள்ளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் புது வீட்டுக்கு வா. சொல்லாமல் வாசலை மிதிக்காதே.

ஆபீசர் ஒட்டின இடத்தில் விரலை வைத்து, "இதை யார் செய்தது?" என்று கேட்டார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"கரையான், துவான்" என்றேன்.

"இவ்வளவு நேராகவா?"

"அது படிச்ச கரையான், துவான்."

அக்கா
நீலாவதி