படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்

குயின்ஸ், நியூயார்க்
14 மார்ச் 2021

அன்புள்ள சாந்தோ,

நேற்று நான் முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசியதற்கு நீ கோபித்துக்கொண்டாய். அலைபேசியில் எப்படிப் பேசுவது? நீ எடுத்தால் உன் தோளுக்குப் பின்னால் உன் தங்கைகள் மூன்று பேர், எதிர்வீட்டு ஜோவிட்டா, அவள் மடியில் அந்தப் பூனை. ஒன்பது வருடமாக நம் ஊர் ஹாரோ முழுவதற்கும் சிரித்துக் காட்டி என் தாடையே வலிக்கிறது. அதனால்தான் மின்னஞ்சல்.

பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்தேன். கன்ன எலும்பில் லேசான விரிசல். எங்கள் மருத்துவமனையிலேயே பார்த்துவிட்டார்கள், தானாகக் கூடிவிடுமாம். லீஸலிடம் சொல்லாதே. பயணம் கிளம்பும் பிள்ளை.

நம் மகளைப் பதினொரு வயதில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது இருபது வயதுப் பெண்ணாக வரப்போகிறாள். அவளுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் நான் உட்காருவதுகூட இல்லை. விசா ஏப்ரல் முப்பது வரைதான், ஞாபகம் இருக்கட்டும். அது போனால் மறுபடி முதலிலிருந்து.

உன்,
தெஸ்ஸி


ஹாரோ, இலோய்லோ, பிலிப்பைன்ஸ்
16 மார்ச் 2021

அருமை தெஸ்ஸி,

மீன் சந்தை ஈரத்தில் வெறுங்காலோடு ஓடிய உனக்கு அமெரிக்கப் படி வழுக்கிவிட்டதா? புதுச் செருப்பா, இல்லை புது ஆளா? சும்மா கேட்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடு.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஏப்ரல் இருபத்தொன்று. வழியனுப்பு விருந்துக்குப் பன்றியும் பேசி வைத்தாயிற்று. கொரோனாவால் கூட்டம் கூடக்கூடாது என்று ஊர்த்தலைவர் உத்தரவு போட்டிருக்கிறார். முதல் ஆளாகச் சாப்பிட வரப்போகிறவரும் அவர்தான்.

டிவியில் உங்கள் ஊரைக் காட்டினார்கள். தெருவில் போகிற ஆசியக்காரர்களை அடிக்கிறார்களாமே. ஜோவிட்டா ஓடிவந்து, "நம்ம தெஸ்ஸிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாள். "அவங்க அடிக்கிறது சீனாக்காரங்கள, நம்மள இல்ல, போய்ப் பூனைக்குச் சோறு வை" என்று அனுப்பிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. அடி வாங்க என் பிள்ளையை அனுப்பமாட்டேன், விசா போனால் போகட்டும்.

சாந்தோ


குயின்ஸ்
3 ஏப்ரல் 2021

சாந்தோ,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

நான் வழுக்கி விழவில்லை. அன்று நடைமேடையில் செவிலியர் உடையோடுதான் நின்றேன். ஒருவன் வந்து, "கிருமியக் கொண்டுவந்தது நீதானே, சீனாக்காரி, உங்க ஊருக்கே ஓடு" என்று முகத்தில் துப்பினான். கழுத்தில் நட்சத்திரப் பச்சை குத்தியிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் சீனா இல்லைங்க, பிலிப்பைன்ஸ்" என்றேன். கெஞ்சினேன், சாந்தோ. அப்புறம்தான் குத்தினான். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை. போன வருடம் முழுக்க இவர்களுடைய அப்பா அம்மாவுக்கெல்லாம் மூச்சுக்குழாய் மாட்டியது நான்.

மருத்துவமனையில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். படியில் விழுந்தேன் என்று எழுத வைத்தேன். உண்மை தெரிந்தால் நீ பிள்ளையை அனுப்பமாட்டாய். நீயே எழுதியும் விட்டாய். வெட்கமும்தான். நாற்பத்தெட்டு வயதில் அடி வாங்கினேன் என்று யாரிடம் சொல்ல?

இதோடு போயிருந்தால் உனக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். புதன்கிழமை எங்கள் வார்டுக்கு லியூங் என்று ஒரு சீன அம்மா வந்தார். எழுபத்தொரு வயது. அதே ரயில் நிலையத்தில் ஒருவன் படியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறான். நினைவே திரும்பவில்லை. அவனைப் பிடித்துவிட்டார்கள், செய்தித்தாளில் படம் வந்தது. கழுத்தில் நட்சத்திரம்.

அவர் மகள் வைலின் தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். அம்மா குடிக்க முடியாது, அதனால் எனக்குக் கொடுக்கிறாள். நேற்று சொன்னாள்: "அக்கா, அவன் வேணும்னு செய்யலியாம். குடிச்சிருந்தானாம், இடிபட்டுட்டாங்களாம். இதுக்கு முன்னாடி அவன்மேல ஒரு புகாரும் இல்லேன்னு வக்கீல் சொல்றாரு." நான் அவள் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் புகார் என்னிடம் இருக்கிறது. சொல்லப் போகிறேன். என் பெயரும் முகமும் வெளியில் வரும், ஹாரோ முழுக்கப் பார்க்கும். அதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

தெஸ்ஸி


ஹாரோ
4 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

என் தெஸ்ஸி,

நான் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்னி வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுப் படித்தேன். பயணிகள் கத்தினார்கள், கத்தட்டும் என்று இருந்தேன். நான் அங்கே இருந்திருந்தால் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீனாக்காரங்களைத்தான் அடிக்கிறார்கள் என்று நான் சொன்னேனே, அந்த வாயைக் கழுவ வேண்டும்.

ஆனால் கோபப்படாமல் கேள். இன்னும் பதினேழு நாள்தான். நீ போலீசுக்குப் போனால் மருத்துவமனையில் பொய் சொன்னது வெளியே வரும். உன் வேலைக்கு ஏதாவது ஆனால்? வேலை இல்லாதவள் எப்படி மகளை வரவழைத்தாள் என்று அதிகாரிகள் தோண்டினால்? எனக்குச் சட்டம் தெரியாது, பயம் மட்டும் தெரிகிறது. அனுப்பமாட்டேன் என்று நான் எழுதியது வீறாப்பு. அவளுக்கு இங்கே என்ன இருக்கிறது? பெட்டியைக் கட்டிப் பிரித்து, கட்டிப் பிரித்து, வீடெல்லாம் அவள் துணிதான்.

அவள் வந்து இறங்கட்டும். மறுநாளே போய்ச் சொல். அந்த அம்மா எங்கேயும் போய்விடப் போவதில்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உன் பிள்ளைக்காக வாயை மூடிக்கொள்.

சாந்தோ


குயின்ஸ்
6 ஏப்ரல் 2021

சாந்தோ,

அந்த அம்மா நேற்று காலை ஏழே காலுக்கு இறந்துபோனார். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

உன் கடிதத்தால் ஒருநாள் தயங்கினேன் என்று எழுதி அழித்துவிட்டேன். உன்மேல் போடக்கூடாது. இருபத்துநாலு நாளாகத் தயங்கியவள் நான்தான்.

போலீசுக்குப் போகும் முன்னால் வைலினிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தேதி கேட்டாள்.

"மார்ச் பன்னெண்டு" என்றேன்.

"எங்கம்மாவத் தள்ளினது முப்பதாம் தேதி" என்றாள். "டிவியப் பார்த்துட்டு எங்கம்மா ரெண்டு மாசமா வெளியிலேயே வரல, அக்கா. நான்தான் கேலி பண்ணினேன். 'நம்ம ஸ்டேஷன்ல யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, சும்மா போயிட்டு வாம்மா'ன்னு அனுப்பி வெச்சேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டாள். அம்மாவின் உடலைத் துடைத்து உடை மாற்ற நான் துணியும் தண்ணீருமாக வந்தபோது வாசலில் மறித்து நின்றாள். "நீங்க வேணாம். வேற யாரையாவது வரச் சொல்லுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அவன் என்னை அடித்தபோது எனக்கு இப்படி வலிக்கவில்லை. அவன் ஒரு வெறியன். நான் யார்? நான் சீனா இல்லை என்று அன்று அவனிடம் கெஞ்சினேனே, வாயை மூடிக்கொண்டு இருந்த நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். என் மகள் வந்து சேருவதற்காக வைலினுடைய அம்மாவை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

போலீஸ் நிலையத்தில் மூன்று மணிநேரம் இருந்தேன். தெரெசிட்டா என்ற என் முழுப்பெயரைக் கொடுத்து எல்லாம் சொல்லிவிட்டேன். படியில் விழுந்தேன் என்ற பொய்யையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏம்மா அப்பவே சொல்லல?" என்று தன்மையாகத்தான் கேட்டார். பிள்ளை வர வேண்டியிருந்தது என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மருத்துவமனை என்னை விசாரிக்கும், வேலை நிலைக்குமா தெரியாது.

லீஸலை அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அனுப்பாதே என்று சொல்லவும் வரவில்லை. அவளுக்கு இருபது வயது. நம் கடிதங்களை எல்லாம் அவளிடம் கொடு, உன்னுடையதையும் மறைக்காமல் கொடு. இந்த ஊர் எப்படி என்றும், அவள் அம்மா எப்படி என்றும் தெரிந்துகொண்டு அவளே முடிவு செய்யட்டும்.

இருபத்தொன்றாம் தேதி நான் விமான நிலையத்தில் நிற்பேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை நிற்பேன். அவள் வரவில்லை என்றால் ஏன் என்று உங்கள் யாரையும் கேட்கமாட்டேன்.

தெரெசிட்டா