அத்தாவின் கால்விரல்கள்

பல்லின் வேரைச் சுரண்டுகிற உன் க்யூரெட்டை இன்று காலை தீட்டினேன். கல்லில் சில இழுப்பு இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் குச்சியில் அலகை வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. மறுபடி தீட்டினேன். இந்தத் தடவை குச்சியைக் கவ்வி "டிக்" என்றது. அந்தச் சத்தத்துக்கு, "இப்பத்தான்டா அது வேலைக்கு ஆகும்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து நீ சொல்ல வேண்டும். ஒரு நொடி காத்திருந்தேன். ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு உன் அப்பா வருகிறார். நீ கூப்பிட்டது போலவே நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். ஈறு சிகிச்சை முடிந்து, மறுபடி அளந்து பார்க்கிற நாள் இன்று. ஈறுக்கும் வேருக்கும் நடுவில் இருந்த பைகள் சுருங்கியிருந்தால் பற்கள் நிற்கும். இல்லையென்றால் கீழ்வரிசை முன்பற்களை எடுக்க வேண்டியதுதான்.

நேற்று போன் செய்தார். "ஒன்னுமில்லீங் தம்பி. பல்லு கொஞ்சம் நீளமாத் தெரியுது. நடுவுல சந்து உழுந்திருக்குது. மத்தபடி ஒன்னுமில்லீங்." நம்மூர்க்காரர் ஒரே மூச்சில் இரண்டு தடவை ஒன்றுமில்லை என்றால், ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி தூக்கம் வரவில்லை.

சந்து விழும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வீங்கிய ஈறு வற்றினால் வேர் கொஞ்சம் வெளியே தெரியும். பல்லில் படிந்து இறுகிய காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியாகும். பல் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. தலையாட்டினார். ஆனால் அவர் தலையாட்டுவதை நம்பலாமா?

கடைசி வருஷம் கல்லூரியில் நடந்தது நினைவிருக்கிறதா? பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி. நான் கீழ்க்கடைவாயில் வேலையில் இருந்தேன். "வலிக்குதுங்களா?" என்றேன். "பரவால்லீங்க." மறுபடி கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க, நீங்க பாருங்க." நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து என் தோளைத் தட்டி, நாற்காலியின் அந்தப் பக்கத்தைக் காட்டினாய். அவருடைய இரண்டு கால் கட்டைவிரல்களும் கொக்கி மாதிரி மடங்கிக் கிடந்தன.

"ஏனுங்க, இன்னொரு ஊசி போட்டுக்கலாமுங்களா?" என்று நீ கேட்டாய்.

"போட்டீங்கன்னா நல்லாத்தான் இருக்குமுங்க" என்றார்.

டீக்கடையில் நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். "டாக்டர் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு உசுரு போற வரைக்கும் பரவால்லீங்கன்னுதான்டா சொல்லுவாங்க. வாயைக் கேக்காதே மாப்ள. காலைப் பாரு."

நாம் சேர்ந்து கிளினிக் போட்டபோது தினமும் சண்டை. எனக்கு மெஷின் போதும். தண்ணீர் பீய்ச்சி அதிர அதிரக் காரையை உடைத்துவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். நீ மெஷினுக்கு அப்புறமும் க்யூரெட்டை எடுப்பாய். பக்கத்துப் பல்லில் விரலை ஊன்றிக்கொண்டு, பேனா பிடிக்கிற மாதிரி லேசாகப் பிடித்து, அலகை வேரோடு படுக்கவைத்து ஈறுக்குள் இறக்குவாய். காரைக்குக் கீழே போனதும் சாய்வைத் திருப்பி, மேல் நோக்கிச் சின்னச் சின்னதாக இழுப்பாய். அழுத்திப் பிடித்தால் விரலுக்குக் காது கேட்காது என்பாய். மழுங்கிய அலகைக் கண்டால் உனக்கு ஆத்திரம் வரும். "இது காரையை எடுக்காதுடா, மெருகேத்தும். அப்புறம் வேருன்னு நெனச்சு நாமளே ஏமாந்துபோவோம்."

வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்று நான் கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய்.

பிறகு மேட்டுப்பாளையம் ரோடு, மழை, உன் பைக். அதை எழுதப் போவதில்லை.

உன் அத்தாவின் வாயை நீதான் பார்த்துவந்தாய். நீ போன பின் அவர் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை. சர்க்கரை ஏறியது. ஈறில் ரத்தம் வருகிறதென்று பயந்து, வருகிற இடத்தில் பிரஷ் போடுவதையே விட்டுவிட்டார். உன் அம்மா தொல்லை பொறுக்காமல் ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் புடுங்கிப்போடுங் தம்பி. செட்டு வெச்சுக்கறேன். அவன் பாத்த பல்லு, இனி எதுக்கு?"

என் சுபாவத்துக்கு அதுதான் சுலபம். ஆனால் எக்ஸ்ரேயில் வேரைப் பிடித்திருக்கிற எலும்பு பாதிக்கு மேல் நின்றது. கை எட்டுகிற வரைக்கும் பல்லை எடுக்காதே என்று நீ வாய் ஓயாமல் சொன்னதும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. ஒரு தடவை முயற்சி செய்கிறேன், சர்க்கரையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு பக்கமாகச் செய்தேன். முதலில் மெஷின், பிறகு உன் க்யூரெட்டுகள். கறுப்பாகக் காரை வந்தது. நறநறவென்றிருந்த வேர், மெல்ல மெல்லக் கண்ணாடி போல வழுவழுப்பாயிற்று. அங்கே நிறுத்தினேன், அதற்கு மேல் சுரண்டினால் வேரைத்தான் சுரண்டுவோம். "பரவால்லீங்" என்றார். காலைப் பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. கண் ஓரத்திலிருந்து தண்ணீர் மட்டும் காதுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஊசி கிடையாது. பஞ்சால் துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு காத்திருப்பு. அவர் பிரஷ் போடுகிற லட்சணத்தைப் பார்க்க வரச்சொல்லும்போதெல்லாம், அளவுக்கோடு போட்ட ப்ரோப்பை ஈறுக்குள் விட்டு அளந்துவிடலாமா என்று கை அரிக்கும். "ஆறுற ஈறைக் குத்திக் குத்திப் பாத்தா எப்படிடா ஆறும்?" என்று நீ திட்டுவது கேட்கும். கையைக் கட்டிக்கொண்டேன்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

மணி ஒன்று. அத்தா போய்விட்டார்.

வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "என்னங் தம்பி, உங்களுக்குத்தான் பல்வலி மாதிரி இருக்குது?" என்றார். ப்ரோப்பை எடுத்தேன். உள்ளே இறங்கும் என்று நினைத்த இடங்களில் இறங்கவில்லை. மூன்று மில்லிமீட்டர், மூன்று, நான்கு, மூன்று. ஈறு வேரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ரத்தமில்லை. மூச்சு விட்டேன். கீழ்வரிசை முன்பல் ஒன்றில் மட்டும் ஆறு வரைக்கும் போனது. ரத்தமும் வந்தது.

"அதைப் புடுங்கோணுங்களா?"

"இல்லீங் அத்தா. இன்னொருக்கா உள்ள போய்ப் பாக்கோணும். ஊசி போடட்டுங்களா?"

"வேண்டாமுங், பரவால்லீங்."

வலது கால் கட்டைவிரல் மடங்கியது. நான் ஊசியை எடுத்தேன்.

அவர் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "அவனும் இப்படித்தான் தம்பி, காலையே பாத்துட்டிருப்பான். காலுக்கு நேரா வாசல்ல கெடக்கற செருப்பை எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்னு பாக்கறானோன்னு நான் நெனச்சேன்." சிரித்தார். உன்னைப் பற்றிப் பேசி அவர் சிரித்ததை நீ போன பிறகு இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேரின் வளைவில், மிச்சமிருந்த காரை ஒரு சின்னப் படி மாதிரி க்யூரெட் நுனியில் தட்டியது. எடுத்தேன். போதுமா தெரியவில்லை. மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது கண்ணாடி கேட்டு வாங்கிப் பல்லைப் பார்த்தார். "இந்தச் சந்து மூடுமுங்களா?"

"மூடாதுங். கரைஞ்ச எலும்பு திரும்ப வராது. ஒழுங்கா வெளக்கினா பல்லு நிக்கும்."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நிக்கட்டும்" என்றார். "அவன் பாத்த பல்லு."

அந்த ஒரு பல்லை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. வெளியே அன்னூரிலிருந்து ஒரு பெரியவர் காத்திருக்கிறார். ஷூ போட்டு வந்திருக்கிறார். கழற்றச் சொல்ல வேண்டும்.