நீ அறுத்த இரண்டு கம்புகள்

தம்பிக்கு,

பெர்மாஸ் ஜெயாவில் பிள்ளைகளுக்கு நீ நடத்தப்போகும் காட்டுப் பயிற்சி வகுப்பை நான் தொடங்கிவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கத்தி, இடுக்கி, ரம்பம் எல்லாம் மடங்கியிருக்கும் அத்தானின் மல்டிடூலையும் கேட்டிருக்கிறாய். வருகிறேன், அதையும் கொண்டுவருகிறேன்.

கோத்தா திங்கி காட்டில் கால் முறிந்து கிடந்த அத்தானை நீ காப்பாற்றப் பார்த்த கதையை வகுப்பில் சொல்வாயாம். அவருடைய கருமாதி வீட்டில் எல்லோரையும் அழவைத்த கதை அது.

"அந்தச் சின்ன ரம்பத்தாலதான் ரெண்டு கம்பு அறுத்து ஸ்ட்ரெச்சர் கட்டுனேன்லா, அக்கா. தூக்கிட்டு வர்ற வழியில அத்தான் போயிட்டாரு."

அன்று உன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

நேற்று மல்டிடூலைத் துடைத்துவைக்க எடுத்தேன். அழுக்கான பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கக் கன்னியர் பள்ளியில் எனக்குச் சொல்லித்தரவில்லை. கத்தி திறந்தது, இடுக்கி திறந்தது, ரம்பம் அசையவில்லை. வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருடத்திலிருந்தே அது துருவேறி இறுகிக் கிடப்பதாக அவர் குறைபட்டுக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சரிசெய்யாமலேதான் உன்னோடு காட்டுக்கு வந்தார்.

நீ ஒரு கம்பும் அறுக்கவில்லை. அவரை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தாய் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

மற்றப் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டிருக்கிறேன். ரம்பத்தில் மட்டும் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

உன் மனைவியையும் மகள்களையும் என்னோடு முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். கருவியை உன் கையில் கொடுத்து, "ரம்பத்தத் திறந்து காட்டு தம்பி" என்பேன். அவசரப்படாதே. நீ திறக்கும்வரை நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

உன் அக்கா