ட்யூப்லைட் சொன்ன சாட்சி

பொன்மலை,
18-9-1962

சிரஞ்சீவி தாயுமானவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பசுமாடு எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று எங்களைவிடத் திருச்சி கோர்ட்டில்தான் அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

உன் மகள் கமலவல்லிக்கு மாதாமாதம் கட்டச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சத்தைப் போன வருஷம் ஆடியோடு நிறுத்தினாய். ஒரு வருஷத்துக்குள் மனுப் போடாவிட்டால் பழைய பாக்கி வசூலாகாது என்று எந்த மகானுபாவன் உனக்குச் சொன்னானோ, உன் பெண்டாட்டி மட்டுவார்குழலிக்கு ‘அடுத்த மாதம் கட்டாயம்’ என்று கார்டு மேல் கார்டு போட்டுக் காலத்தைக் கடத்தினாய். அவளும் நம்பினாள், ஸ்கூல் சம்பளம் கட்டவில்லையென்று பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றிய பிறகுதான் வைகாசியில் மனுப் போட்டாள். உடனே நீ, வேலை போய்விட்டது, தினக்கூலி, தொகையைக் குறைக்கணும் என்று பதில் மனுப் போட்டாய், அதற்குச் சாட்சி நான். நல்ல ஆளைப் பிடித்தாய் போ!

நேற்று உன் மனுவை வாசித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, நம் பிள்ளையா இத்தனை தரித்திரன் என்று. அப்புறம் குழலியின் வக்கீல் நம் தெரு மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிட்டார். அவர் கையில், இந்த ஆடித் திருவிழாவுக்கு நீ பணம் அனுப்பி மாட்டச் சொன்ன ட்யூப்லைட். பெயரும் உத்தியோகமும் தூரத்திலிருந்தே தெரியணும் என்று எழுதியிருந்தாயே, பெயிண்டர் சவரிராயன் குறை வைக்கவில்லை, ‘உபயம்: சி. தாயுமானவன், சார்ஜ்மேன், பிலாய் உருக்காலை’ என்று பாதி வெளிச்சம் மறைய எழுதியிருந்தான். மாஜிஸ்திரேட் அதை வாய்விட்டுப் படித்து, பெரியவரே, வேலை போனதுக்கு வேண்டுதலா என்று என்னைக் கேட்டார். கோர்ட்டே சிரித்தது, என் மானம் போயிற்று. இல்லீங்க, வேலையிலதான் இருக்கான் என்று சொல்லிவிட்டேன். தொகை குறையாது, மாதக் கடைசிக்குள் பாக்கி முழுக்கக் கட்டணும், இல்லாவிட்டால் வாரண்டு, அதற்கும் மசியாவிட்டால் ஜெயில் என்று உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் கமலா அந்த விளக்கைத் தடவிப் பார்த்து, தாத்தா, அப்பா பேரு எவ்ளோ அழகா இருக்கு என்றாள். நான் திரும்பக் கோர்ட்டுக்குள் போனேன்.

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். மாரியம்மன் உனக்குத் தீர்க்காயுசும் அதற்குத் தகுந்த புத்தியும் தரட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. புது குவார்ட்டர்ஸ் விலாசத்தை யாருக்கும் சொல்லாதீங்கப்பா என்று எழுதியிருந்தாய், வேறு யாருக்கும் சொல்லவில்லை, வாரண்டு கொண்டுவருகிறவர் வீடு தெரியாமல் அலையக் கூடாதே என்று கோர்ட் குமாஸ்தாவிடம் மட்டும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் தரப்புச் சாட்சியும் அப்பாவுமாகிய
சின்னையா