மஞ்சள் புள்ளி

நவ. 3, திங்கள்
ராத்திரி முழுக்க மழை. அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் கணுக்கால் தண்ணி. செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்கணும்.

கம்பெனியில் விரிசல் கண்டுபிடிக்கும் கேமரா வந்து இறங்கிவிட்டது. என் மேஜைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். பதினாலு வருஷமாக நான் உட்காரும் மேஜை. பைக் பிரேக் பாகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வேலை. நல்லதென்றால் பெயின்ட் புள்ளி வைத்துப் பச்சை ட்ரே. விரிசல் என்றால் சிவப்பு ட்ரே. புள்ளிக்கு ஆளுக்கொரு நிறம், தப்பு வந்தால் யாரென்று தெரிய. நான் மஞ்சள்.

கேமராவோடு வந்த இன்ஜினியர் தம்பி, விக்னேஷ். ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம், இங்கே மாங்காட்டில் பிளாட். "நீங்க எப்பவும் போல பிரிச்சு வைங்க்கா. அது பார்த்துக் கத்துக்கும்."

கற்றுக்கொண்டு?

டீ நேரத்தில் பக்கத்து மேஜை சுமதி: "வந்துகினே கீது பாரு. நம்ம மூணு பேரும் இன்னா பண்றது?"

நவ. 4, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது.

வீட்டுக்காரருக்கு முதுகுவலி. லேத் ஓட்டின மனுஷன். போன வருஷம் அவர் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இடம் மாறியபோது பாதிப் பேரைத்தான் கூட்டிப்போனார்கள். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி. வேலை போன அன்று அவர் முகம் இருந்த மாதிரி என் முகமும் ஆகப்போகிறது. பயமாக இருக்கிறது. மகள் ப்ளஸ் டூ. நானும் வீட்டில் உட்கார்ந்தால்? அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

நவ. 5, புதன்
இன்று விரிசல் விட்ட மூன்று பீஸுக்கு மஞ்சள் புள்ளி வைத்துப் பச்சை ட்ரேயில் போட்டேன். வேண்டுமென்றேதான். கேமரா தப்பாகக் கற்கட்டும். இது பாடத்துக்கான ட்ரே, லாரிக்குப் போகாது என்று விக்னேஷ் சொல்லியிருந்தான். யாருக்கும் கெடுதல் இல்லை.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, அவருக்குத் தைலம்.

ஜெபமாலை சொல்லும்போது இரண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போனது.

நவ. 6, வியாழன்
மறுபடி மழை. உள்ளே போனால் மேஜை காலி. சூப்பர்வைசர் பாஸ்கர் அண்ணனிடம் ட்ரே எங்கே என்றேன்.

"லோடு பத்தலம்மா, அதையும் லாரில ஏத்திட்டாங்கோ. உன் மஞ்ச புள்ளி கீதே, அப்புறம் இன்னா?"

காலையில் வீட்டுக்காரர் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியது கண் முன்னால். சொன்னால் இன்றைக்கே வெளியே. சொல்லாவிட்டால் எங்கேயோ யாரோ பிரேக்கை அழுத்துவார், பிடிக்காது.

சொன்னேன். தெரிந்தே போட்டேன் என்பதையும்.

நல்லவேளை, லாரி பில்லுக்காக கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயம். "மூணையும் கண்டுபுடிச்சு குடு. அப்புறம் பேசிக்கலாம்."

ட்ரேயை இறக்கி என் மேஜைக்கே கொண்டுவந்தார்கள், நானூறு பீஸ் இருக்கும். இரண்டு சீக்கிரம் கிடைத்தது. மூன்றாவது இல்லை. முதலிலிருந்து மறுபடி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசியில் கிடைத்தது. ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. சிவப்பு ட்ரேயில் வைத்துவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

நிமிர்ந்தால் கேமராவில் பச்சை விளக்கு எரிகிறது; அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விக்னேஷ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தான். கெட்ட பையன் இல்லை.

"சூப்பருங்க்கா. இந்த மாதிரி கோடுதான் இதுவரைக்கும் அதுக்குப் பிடிபடவே இல்ல. இப்ப கத்துக்கிச்சு."

சரிப்பா என்றேன்.