முன்வரிசை

என் ஆசைப் பேத்திக்கு,

இங்கன எல்லாரும் சுகம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு.

இராமநாதபுரத்துல உன் எதிர்ல இருக்குற பிள்ளைகளுக்கும், நம்மூரு பஞ்சாயத்து ஆபீஸ் டி.வி. முன்னால இருக்குற பிள்ளைகளுக்கும் நீ ஒரே நேரத்துல கணக்கு நடத்துறதப் பாக்கத்தான் அன்னைக்கு அந்த ஆபீசுக்கு வந்தேன். அஞ்சாப்போட படிப்பு நின்ன எனக்கு இப்படி ஒரு பேத்தியான்னு ஊரு பூராம் பெருமையடிச்சிட்டுத்தான் வந்தேன்.

முன்வரிசையில ராக்கு உக்காந்திருந்தா. நம்ம வயல்ல களையெடுக்குற சோலையம்மா மக. "ஏய், பின்னால போ"ன்னு எழுப்பிவிட்டு நம்ம தெருப் பிள்ளைய அங்கன உக்கார வச்சேன்.

டி.வி.க்குள்ள இருந்த நீ பாடத்த நிறுத்திட்டு, "அப்பத்தா, அவள ஏன் எழுப்புனீங்க?"ன்னு கேட்ட. ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என்னையே பாத்துச்சுக.

டி.வி. மேல இருக்குற கேமராவுல நீ எங்களப் பாக்குறது தெரிஞ்சிருந்தா எழுப்பியிருக்க மாட்டேன்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசி எழுத உக்காந்தேன். எழுதிப் பாத்தா, அதுதான் ரொம்பக் கேவலமா இருக்கு.

அதுக்கப்புறம் ராக்கு வகுப்புக்கு வரல. நேத்து அவ வீட்டுக்கே போய், வா தாயின்னு கூப்பிட்டேன். "நீங்க அங்கன இருப்பீகளா?"ன்னா. இருக்க மாட்டேன்னேன். அப்பன்னா வாரேன்னா.

அவ எங்கன உக்காருறான்னு பாத்து எனக்கு ஒரு வரி எழுது, ஆத்தா.

இப்படிக்கு,
உன் அப்பத்தா